மாடியில் விளைகிற கரண்ட், கீழே வேகிற துரை

போன வாரம் அடையாறிலிருந்து என் தங்கச்சி மல்லிகா போன் பண்ணினாள்.

"அக்கா, நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. எங்க வூட்டுக்காரு பகல்ல ஏசி போட வுட மாட்றாரு. படுத்தே கெடந்து அவரு முதுகெல்லாம் செவந்து போய் கீது. இப்படியே போனா புண்ணாயிடும், ஆஸ்பத்திரியில சேக்கணும்னு டாக்டரு திட்டிட்டுப் போறாரு."

இந்த வெயிலில்! அதுவும் மாடி முழுக்க சோலார் பேனல் போட்ட வீட்டில்! தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தாகத்தில் தவிக்கிற கதையாக அல்லவா இருக்கிறது?

துரை என் தங்கை புருஷன். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் இரண்டும் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துவிட்டது. படுத்த படுக்கை. பட்டறை மெஷின்களை விற்ற காசில் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? நகை வாங்கவில்லை. வட்டிக்கு விடவில்லை. மாடியில் பேனல் போட்டார்.

"என் மெஷினு எங்கயும் போவல அக்கா. மாடியில ஓடிகினு கீது" என்று அன்றைக்குச் சொன்னார். எனக்கு அப்போதே அவர் மேல் ஒரு மரியாதை.

சோலாரில் எனக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். என்னை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் இரண்டாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மயிலாப்பூர் மாட வீதியில் வாழை இலை விற்று, அந்தக் காசில் சொந்த வீடு கட்டியவள். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்; இதுகூட நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவதுதான். ஆனால் கரண்ட் பில்லை மட்டும் ஒருத்தர் உதவி இல்லாமல் படிப்பேன். எங்கள் தெருவில் முதல் பேனல் என் வீட்டு மாடியில்தான் ஏறியது. அடுத்த வீட்டம்மா, "இனிமே வடகம் எங்க போடுவீங்க?" என்று கேட்டார். "பேனலைப் போட்டதே வடகத்துக்குத் துணையாத்தான்" என்றேன். காக்காய் எச்சத்தைத் துடைக்கிற வேலை மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது... போகட்டும்.

சொல்ல வந்தது விலைக் கணக்கு. நிறையப் பேர் குழம்புகிறீர்கள். உங்கள் மாடியில் விளைகிற கரண்டில் நீங்கள் செலவழித்தது போக மிச்சம் கம்பி வழியாக வெளியே போகும். அதற்கு என்ன கிடைக்கும்? அதுதான் கேள்வி.

என் வீட்டில் ஒரு யூனிட் வெளியே போனால் பில்லில் ஒரு யூனிட் கழியும். பக்கத்து வீட்டுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை கொடுத்து, ஒரு டம்ளர் சர்க்கரை திருப்பி வாங்குகிற மாதிரி. மல்லிகா வீட்டில் அப்படி இல்லை. வெளியே போகிற யூனிட்டுக்கு ஒரு விலை, உள்ளே வருகிற யூனிட்டுக்கு அதைவிடக் கூடுதல் விலை. தி.நகரில் என் மகளைக் கொடுத்த வீட்டிலும் இதே கணக்குதான். இலைக் கடையில் நான் பார்க்காததா? நாம் கொடுக்கும்போது ஒரு ரேட்டு, நாமே போய் வாங்கும்போது வேறு ரேட்டு!

எந்த வருஷம் போட்டோம், எந்த விதியில் போட்டோம் என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும். விதியும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே அடுத்த வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு மனக்கணக்குப் போடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு எது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, அடையாறுக்கு வருவோம்.

நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கீழ் வீட்டில் வேறு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. இவர்கள் இருப்பது மாடியில். தலைக்கு மேலே மொட்டை மாடி. அறைக்குள் காலை வைத்தால் அடுப்பங்கரைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. துரை மார்பில் ஒரு ஈரத் துண்டு. மல்லிகா அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரோ இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"இன்னாப்பா துரை, இன்னாத்துக்கு இப்படி வெந்துகினு கீற? ஏசி அலங்காரத்துக்கா மாட்டி வெச்ச?"

"இருக்கா... இப்பதான் நல்லா வெளிய போவுது." கண்ணைப் போனிலிருந்து எடுக்கவே இல்லை. மாடியில் எவ்வளவு விளைகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்று அதில் தெரியுமாம்.

"ஏசி போட்டா?"

"பாதி உள்ளயே நின்னுடும்."

"நின்னா இன்னா, கொறஞ்சா பூட்ட?"

"அக்கா, சம்பாரிக்கிற நேரத்துல எவனாச்சும் பட்டறைய மூடுவானா?"

மல்லிகா ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள். "ஏசி மட்டும் இல்லக்கா. பகல்ல ஒரு சுச்ச தொடக் கூடாது. மோட்டாரு விடிகாலையில. கிரைண்டரு பொழுது போனப்புறம். துணி மெஷினு ராத்திரியில. ஊரு ஒலகம் தூங்கும்போது நான் துணி காய போட்டுகினு கீறேன். கீழ் வூட்டுக்காரங்க என்ன பேய்னு நெனச்சிக்கப் போறாங்க!"

துரை சிரித்தார். ஆனால் மசியவில்லை. நானும் என் பாட்டுக்கு என்னென்னவோ சொன்னேன். கோபித்தேன், கெஞ்சினேன், 'நான் மூத்தவ சொல்றேன்' என்று அதிகாரமும் பண்ணிப் பார்த்தேன். கல்யாண இலைக்கு வருகிற கான்ட்ராக்டர்களிடமே பேரம் பேசி ஜெயித்தவள் நான். துரையிடம் பாச்சா பலிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் என் சம்பந்தியம்மா பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். தி.நகரில் ஜவுளிக் கடை, பின்னால் இருக்கிற தெருவில் வீடு. துரையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு பை நிறைய சாத்துக்குடியோடு வந்திருந்தார்.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போனால் நாமெல்லாம் என்ன செய்வோம்? 'இப்போ எப்படி இருக்கு, எந்த டாக்டர், என்ன மாத்திரை' என்று ஆரம்பித்து, அதே வியாதியில் போய்ச் சேர்ந்த நாலு பேர் கதையைச் சொல்லிவிட்டு எழுந்து வருவோம். பேச்சியம்மாள் அப்படிச் செய்யவில்லை. முந்தானையால் விசிறிக்கொண்டே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, உங்களப் பாத்த மாதிரியும் ஆச்சு, ஒரு சந்தேகம் கேட்ட மாதிரியும் ஆச்சுன்னு வந்தேன். பேனலு போட்டும் எங்க வீட்டு பில்லு நெனச்ச மாதிரி கொறையலியே. எங்க வீட்டு அவியகிட்ட கேட்டா, 'கடையில எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு'ங்காவ. நீங்க மெஷினோட பொழங்குனவிய. என்னன்னு சொல்லுங்க."

துரை போனைப் படுக்கையில் வைத்தார். நான் வந்ததிலிருந்து இப்போதுதான் முதல் தடவை!

"உங்க வூட்ல கிரைண்டரு எப்போ போடுவீங்கம்மா?"

"விடியுமுன்ன போட்டுருவேன்."

"துணி மெஷினு?"

"ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பொறவு."

"ஏசி?"

"ராத்திரி மட்டுந்தான். பகல்ல ஏசி போட்டா, செத்துப்போன எங்க மாமியா எந்திரிச்சு வந்துரும்லா!"

துரை தன்னைத் தலையணையில் சாய்த்து உட்கார வைக்கச் சொன்னார். மல்லிகா முட்டுக் கொடுத்தாள்.

"எல்லாமே தலகீயா பண்றீங்கம்மா. வெளிய போற யூனிட்டுக்கு அவங்க குடுக்கற வெல கம்மி. ராத்திரி நீங்க வாங்கற யூனிட்டுக்கு வெல ஜாஸ்தி. வாங்க வாங்க ரேட்டும் ஏறும். பகல்ல கம்மி வெலைக்கு வித்துட்டு, ராத்திரியில ஜாஸ்தி வெலைக்கு வாங்கினு கீறீங்க. உங்க கடையில பொடவைய அப்படி விப்பீங்களா?"

"வித்தா கடைய மூடிட்டு ஊரப் பாக்க போகணும்!"

"அப்போ வெயிலு கீற நேரத்துலயே எல்லாத்தையும் ஓட்டிடுங்க. ஒரே நேரத்துல போடாதீங்க, ஒண்ணு முடிஞ்சப்புறம் ஒண்ணு. எங்க பட்டறையில பெரிய மோட்டாரு ரெண்டையும் ஒண்ணா ஸ்டார்ட் பண்ண மாட்டோம். அது மாதிரி. மத்தியானமே ஏசிய போட்டு ரூம குளுர வெச்சிடுங்க. ராத்திரி ஏசிக்கு பாதி வேல மிச்சம்."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. படுத்த பிறகு இந்த மனுஷன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. அதிலும் எவ்வளவு தெளிவு! பேச்சியம்மாளை நினைத்தும் ஆச்சரியம்தான். அவர் தந்திரம் ஒன்றும் பண்ணவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். படுத்திருக்கிறவரிடம் போய் நமக்கு வேண்டியதைக் கேட்கலாம் என்று நமக்கெல்லாம் தோன்றுகிறதா? அவருக்குத் தோன்றியதே!

மோர் எடுத்து வரப் போயிருந்த மல்லிகா, டம்ளர்களோடு வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்.

"ஏன்யா, அந்தம்மா வூட்டுக்கு ஒரு நாயம், நம்ம வூட்டுக்கு ஒரு நாயமா?"

பேச்சியம்மாள் திருதிருவென்று முழித்தார். துரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கணக்கு எனக்குத் தெரியாதா மல்லி..."

"தெரிஞ்சுகினேவா இப்படி வெந்துகினு கெடந்த?"

"வெளிய போனாத்தான் அது சம்பாத்தியம். வூட்டுக்குள்ளயே தின்னு தீத்துட்டா அது இன்னா சம்பாத்தியம்? இத்தினி வெளிய குடுத்தான்னு பில்லுல ஒரு வரி வருதே... அத்த பாத்தாத்தான் நான் இன்னும் ஏதோ பண்ணிகினு கீறேன்னு இருக்கு."

மனுஷன் காசுக்காகவா அந்த வெயிலில் கிடந்தார்? காலமெல்லாம் சம்பாதித்துக் கொண்டுவந்து வீட்டில் வைத்த கை... அது படுத்துக்கொண்டே ஒரு பட்டறை நடத்தியிருக்கிறது! அவரிடம் போய் ரேட்டு பேசினால் எடுபடுமா?

மல்லிகா டம்ளர்களை ஸ்டூலில் வைத்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்போ இந்த வூட்டுக்குள்ள நான் இத்தினி வருசமா பண்ணதெல்லாம் இன்னாய்யா?"

துரை திரும்பிப் பார்த்தார்.

"சோறு ஆக்குனேனே, அது வெளிய போச்சா? துணி தொவச்சது வெளிய போச்சா? உன் முதுக தொடைக்கிறேனே... அதுக்கு எந்த பில்லுல வரி வந்துச்சு? வெளிய போனாத்தான் சம்பாத்தியம்னா, நான் இத்தினி நாளு சும்மாவா குந்திகினு இருந்தேன்?"

சின்ன வயசில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தவள் இந்த மல்லிகா. எனக்கு எதிரில் உரக்கப் பேசாதவள். அவள் கேட்ட கேள்வி எனக்கு இத்தனை வயசில் தோன்றவில்லையே! நான் கடை வைத்துச் சம்பாதித்தவள் என்கிற கர்வத்தில் இவளைப் பார்த்து, 'உனக்கென்ன, வீட்டில்தானே இருக்கிறாய்' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்... யோசித்துப் பாருங்கள். வாசலைத் தாண்டிப் போவதற்கு ஒரு விலை உண்டு. தாண்டி வருவதற்கும் ஒரு விலை உண்டு. உள்ளேயே விளைந்து உள்ளேயே செலவாவதை எந்த மீட்டர் காட்டுகிறது? நாமே அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, பாவம் மீட்டர் என்ன செய்யும்?

கீழ் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"அந்த ரிமோட்ட குடு" என்றார் துரை.

"இரு, நான் போடறேன்."

"குடுன்னா குடு. பட்டறையில மெயின் சுச்ச வேற ஆளு கையில நான் என்னிக்காச்சும் குடுத்திருக்கேனா?"

இடது கையால் தடவித் தடவி அவரே அமுக்கினார். பேச்சியம்மாள் காற்று வந்த பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, "எங்க மாமியா இங்க வர மாட்டா, தைரியமா இருங்க அண்ணாச்சி" என்றார்.

நேற்று மறுபடியும் பார்க்கப் போனேன். நல்ல மத்தியானம். படி ஏறும்போதே துரையின் குரல் கேட்டது — "மல்லி, வெயிலு நல்லா கீது, கிரைண்டர போடு!... ஏய், மேகம் வருது பாரு, மோட்டார நிறுத்து!" மல்லிகா உள்ளேயிருந்து பதிலுக்குக் கத்துகிறாள் — "யோவ், நான் இன்னா உன் பட்டறை ஆளா? கூலி எங்கய்யா?" முதுகில் சிவப்பு வடிந்து, தோல் நன்றாகக் காய்ந்து வருகிறதாம். ஆஸ்பத்திரிப் பேச்சை டாக்டர் எடுக்கவே இல்லையாம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் அறை வாசலில் நின்றேன். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது; நான் திறந்த கதவு திறந்தபடியே இருந்தது.

துரை ஒரு அதட்டல் போட்டார்: "கதவ சாத்துக்கா! சம்பாரிச்சதெல்லாம் வெளிய போவுது!"