முட்டைக்காரி மகளும் மேட்டுப் பள்ளிப் பட்டியலும்

கிளாடெட் மார்காட் பத்தொன்பது வருஷம் மேட்டுப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் முட்டை பொரித்தாள். காகித ஆலை மூடிய பிறகு எங்கள் ஊரில் மிஞ்சியவை ஆறு, குளிர், அந்தப் பள்ளி, அவ்வளவுதான். பள்ளிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் முழுக்கத் தெரிந்த பெயர். நாங்கள் மேடு என்போம். தங்கிப் படிக்க எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் மேட்டுக்கு வருவார்கள். கீழே இருக்கிற எங்கள் பிள்ளைகள் அங்கே புல் வெட்டப் போவார்கள்.

கிளாடெட் ஆம்லெட்டைத் தூக்கிப் போட்டால், அது இறங்குவதற்குள் வரிசையில் நிற்கிற பையன் ஒரு லத்தீன் வினைச்சொல்லை எல்லாக் காலத்திலும் ஒப்பித்துவிடுவான். ஒருமுறை போட்டது இறங்கவே இல்லையென்றும் மறுநாள் வேறொருவன் தட்டில் சூடாக வந்து விழுந்ததென்றும் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவள் நான்தான். கீழே சொல்லப்போவதில் மட்டும் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவைப்படவில்லை.

அவளுக்கு நடீன் என்று ஒரே மகள். ஊர்ப் பள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த இலையுதிர் காலத்தில் ரசாயன ஆசிரியர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பதில் யாரும் வரவில்லை. ஆய்வகத்தில் உடற்பயிற்சிப் பாய்களை அடுக்கிப் பூட்டிவிட்டார்கள்.

"அம்மா, நான் மேட்டுக்கு எழுதிப் போடப் போறேன்" என்றாள் நடீன்.

"இப்பவா? எல்லாரும் ஒன்பதாவதுக்கே எழுதிடுவாங்கடி. பதினொண்ணாவதுக்கு அஞ்சு இடம் இருந்தாலே அதிகம்."

"அஞ்சுல ஒண்ணு போதும்மா எனக்கு."

சேர்ந்துவிட்டால் ஊழியர் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே கேள்வி இடம் ஒன்றுதான். நடீன் தேர்வு எழுதினாள், கட்டுரை எழுதினாள், நேர்காணலுக்குப் போனாள். அது முடிந்த அன்றே, அங்கே வழக்கமானபடி, கையால் ஒரு நன்றிக் கடிதமும் எழுதினாள். நேர்காணல் செய்தவர் சேர்க்கைத் தலைவர் விட்லாக். கூடத்துக்கு வரும் காலைகளில் கிளாடெட் கையால் இரண்டு முட்டை, கருகின ரொட்டி சாப்பிடுகிறவர்.

மார்ச் பத்தாம் தேதி பதில் வந்தது. இடம் தரவில்லை, மறுக்கவும் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறோம், உங்கள் மகளை மிகவும் மதிக்கிறோம் என்று எழுதியிருந்தது.

எங்கள் ஊரில் அது சின்ன விஷயமில்லை. மேட்டுப் பட்டியலில் இருந்தவன் என்று முப்பது வயது ஆள் மதுக்கடையில் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். கிளாடெட் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். பாத்திரம் கழுவுகிற ஆர்ச்சி டூபே அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"என் பசங்க ரெண்டு பேரும் பட்டியல்ல இருந்தவங்கதான் கிளாடெட். லேசுல கிடைக்காது."

ஏப்ரலில் நடீனுக்கு இன்னொரு கதவு திறந்தது. பக்கத்து ஊர்க் கல்லூரி, பள்ளியின் கடைசி இரண்டு வருஷத்தை அங்கேயே படிக்கலாம், ஆய்வகத்தோடு சேர்த்து, என்று இடம் கொடுத்தது. ஜூன் முதல் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

மே மாதக் கடைசியில் கிளாடெட் முட்டையைப் புரட்டிக்கொண்டே விட்லாக்கிடம் கேட்டாள்.

"பட்டியல் நகருதா சார்?"

"நகருது கிளாடெட். மெதுவாத்தான் நகரும். நம்பிக்கைய விட்டுடாதீங்க."

"கல்லூரியில ஒரு இடம் வந்திருக்கு சார். அதை வாங்கிக்கட்டுமா?"

அவர் ரொட்டியைப் பார்த்தார். "அதெல்லாம் குடும்பமாப் பேசி முடிவு பண்றது. நடீன் எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பொண்ணு."

அன்று வீட்டில் அம்மாவும் மகளும் சண்டை போட்டார்கள்.

"கையெழுத்துப் போட்டுடலாம்மா. அங்கயும் ஆய்வகம் இருக்கு."

"போட்டேன்னு தெரிஞ்சா பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க. உன்னைப் பிடிச்சிருக்குன்னு அவர் வாயால சொன்னாருடி. அவர் முகத்தை நான் தினமும் பாக்குறேன், நீயா பாக்குற?"

ஜூன் முதல் தேதி போனது. கல்லூரி இடம் வேறொரு பிள்ளைக்குப் போனது. ஜூலையில் கேட்டாள், நகருது என்றார். ஆகஸ்டில் கேட்டாள், கடைசி நேரத்தில்கூட நடக்கும் என்றார். நடீன் கைப்பேசியைக் குளியலறைக்குக்கூட எடுத்துப் போனாள்.

செப்டம்பரில் மேடு திறந்தது. புதுப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். கிளாடெட் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே பொரித்தாள். கூட்டம் கலைந்ததும் பாத்திரத் தொட்டிக்குப் போனாள்.

"ஆர்ச்சி, உன் பசங்களுக்கு எப்ப சொன்னாங்க, இல்லைன்னு?"

ஆர்ச்சி குழாயை மூடினான். "சொல்லவே மாட்டாங்க. அந்தக் கடிதத்துக்கே இல்லைன்னுதான் அர்த்தம். வெளியாளுன்னா நேரா இல்லைன்னு எழுதிடுவாங்க. நம்ம முகத்துல தினமும் முழிக்கணுமில்ல, அதனால பட்டியல். சமையல்காரன் பிள்ளை, தோட்டக்காரன் பிள்ளை, எல்லாம் அதுலதான். ஒருத்தரும் உள்ள போனதில்ல."

"மார்ச்லயே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"வாயைத் திறந்திருக்கலாமே."

"ஊர் பூரா என் பசங்க பட்டியல்ல இருந்தாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன் கிளாடெட். உன்கிட்ட உண்மையச் சொன்னா அது என்னாகும்?"

மறுநாள் காலை விட்லாக் வந்தார். இரண்டு முட்டை உடைத்தாள், ரொட்டியைக் கருக்கினாள்.

"பட்டியல் நகருதா சார்?" என்றாள், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

அவர் காதோரம் சிவந்தது. அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். விட்லாக் கூடத்தின் மறுகோடியில் போய்ச் சோள அவலில் பால் ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்தார். கிளாடெட் கரண்டியோடு அங்கேயும் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். ஊரில் எல்லாரும் அவளுக்காகச் சந்தோஷப்பட்டோம். நான் இரண்டு பொய் சேர்த்து நாலு வீட்டில் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை நடீன் கடிதத்தைக் கதவிலிருந்து உரித்து எடுத்தாள். ஊர்ப் பள்ளியில் அந்த வருஷமும் ஆய்வகம் திறக்கவில்லை. ரசாயன வகுப்பு நேரத்தில் அவள் நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அவர்கிட்ட கேக்குறத நிறுத்தும்மா."

"ஏன் நிறுத்தணும்? உறைக்கட்டும் அவருக்கு."

"அவருக்கு எங்க உறைக்குது? மேட்டுல படிக்கிற பசங்க ஊர்க் கடைக்கு வந்து என்கிட்டயே கேக்குறாங்க, பட்டியல் நகருதான்னு."

திங்கட்கிழமையிலிருந்து கிளாடெட் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

வியாழக்கிழமை விட்லாக் தட்டோடு முட்டை வரிசையில் நின்றார். எப்போதும் போல இரண்டு, ரொட்டி கொஞ்சம் கருகலாக, என்றார்.