உத்தமன் தாண்டிய கயிறு

உத்தமனுக்குப் பேர் வைத்தபோது பெற்றவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று அவர் மனைவி அருக்காணி அடிக்கடி சொல்வாள். ஆனால் வேலையிடத்தில் அந்தப் பேருக்கு ஒரு குறையும் வந்ததில்லை. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வங்காளத் துறைமுக வேலைக்கு வந்தவரின் மகனாகக் கிடர்பூரில் பிறந்து, இருபத்தாறு வருஷமாக ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருப்பவர் அவர். எந்தப் பாவியாவது ஊருக்குள் விஷப்பொடியைத் தூவிவிட்டால் அது எங்கெங்கே பரவும், எப்படிக் கழுவுவது, மக்களை எந்த வழியாக வெளியேற்றுவது என்று முன்கூட்டியே கண்டுபிடித்து வைப்பதுதான் அங்கே ஆராய்ச்சி. விஷத்துக்குப் பதிலாக, உடம்பை ஒன்றும் செய்யாத ஒரு பொடியைத் தூவிப் பார்ப்பார்கள். சும்மா பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக மின்னும்.

ஒத்திகை நாளில் பொடி தூவுவதும் உத்தமன்தான், கயிற்றுக் காவலும் உத்தமன்தான். கிடங்கைச் சுற்றிக் கட்டிய கயிற்றை யாரும் தாண்டாமல் பார்த்து, கடைசியில் 'எவரும் தாண்டவில்லை' என்று கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்தை இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அதில் அவருக்குக் கர்வமும் உண்டு.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடர்பூரின் பழைய கிடங்கு ஒன்றில் ஒத்திகை. உள்ளே நடமாடுவதற்குப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். அருக்காணியும் ஒருத்தி. பதினொரு மணிக்கு, எதிர்ச் சாரியில் மிஷ்டிக் கடை என்கிற இனிப்புக் கடையில், சந்தேஷ் பிடிப்பதற்குப் பேரீச்ச வெல்லம் காயும் வாசனை சாலையைத் தாண்டி வந்தது. சர்க்கரை ஏறிவிட்டது என்று ஆறு மாதமாக அருக்காணி அவர் கண்ணில் இனிப்பையே காட்டவில்லை. இப்போது பார்த்தால் அருக்காணி கயிற்றுக்கு உள்ளே, சந்தேஷ் கயிற்றுக்கு வெளியே. இப்படியொரு வாய்ப்பு இனி எப்போது வரும்? பொடி தூவிய கையைக் குழாயில் கழுவிக்கொண்டு, கயிற்றைத் தூக்கிக் குனிந்து போனார். ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்து, விறைப்பாக நின்றுகொண்டார். ஒத்திகை முடிந்ததும் வழக்கம்போலக் கையெழுத்தும் போட்டார்.

மத்தியானம் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றிருந்த மதுவந்தி, விளக்கோடு வெளியே சுற்றிவிட்டு ஓட்டமாக வந்தாள். நியூ டவுனில் வளர்ந்த தமிழ்ப் பெண்; சித்தப்பா என்பதை வங்காளிகள் மாதிரி 'காக்கு' என்பாள்.

"உத்தமன் காக்கு! மிஷ்டி கடை கண்ணாடியில பொடி இருக்கு! காத்து ரோட்டையே கிராஸ் பண்ணிருக்கு!"

எல்லோரையும் கூட்டி வரைபடத்தை விரித்தாள். பொடி சாலை வரைக்கும் பரவுவதால், நிஜமாகவே தாக்குதல் நடந்தால் யாரையும் அந்தப் பக்கம் விடக் கூடாது, பின்பக்கச் சந்து வழியாகத்தான் அனுப்பவேண்டும் என்றாள். உத்தமன் வரைபடத்தில் அந்தச் சந்தைக் குனிந்து பார்த்தார். எதிரும் புதிருமாக இரண்டு கைவண்டி வந்தாலே நகர முடியாத சந்து அது. அதற்குள் ஆயிரம் பேர் ஓடினால்? வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அருக்காணியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"காத்து இல்லீங்க மேடம். நானுங்க."

"ஆனா நீங்க சைன் பண்ணிருக்கீங்களே?"

"பொய்யுங்க."

அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. அருக்காணிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, எத்தன தின்னீங்க?"

"ரெண்டுதான் அம்மிணி."

அருக்காணி, மதுவந்தியின் கையிலிருந்த விளக்கை வாங்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். உதடும் மீசையும் பச்சைப் பசேலென்று மின்னின. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"ரெண்டுக்கு இத்தனை மின்னாதுங்க."

"நாலு," என்றார் உத்தமன்.

அருக்காணி சிரிக்கவில்லை. "கையக் கழுவிட்டுத்தானே தின்னீங்க?"

"ஆமா."

"அப்படியும் வாய்க்குள்ள போயிருக்குது. இது நெசமாவே வெசமா இருந்திருந்தா?"

விளக்கை அவர் உதட்டுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள். உத்தமன் மறுபடியும் குழாயடிக்கு நடந்தார்.

அறிக்கையில் காற்றைப் பற்றிய வரி அடிக்கப்பட்டது. வெளியேறும் வழியாகச் சாலையே நிலைத்தது. வெறும் தண்ணீரில் கழுவினால் போதாது என்று ஒரு வரியும், காவல்காரரே கயிற்றைத் தாண்டுவார் என்று ஒரு வரியும் புதிதாகச் சேர்ந்தன. உத்தமனின் காவல் போயிற்று.

அடுத்த ஒத்திகையில் கயிற்றுக் காவல் அருக்காணி. என்ன தகிடுதத்தம் செய்தாவது கயிற்றைத் தாண்டிப் பார்க்கவேண்டும் என்பது மதுவந்தி உத்தமனுக்குக் கொடுத்த புது வேலை. தலைசுற்றல் என்றார், போன் வந்தது என்றார், டைரக்டர் கூப்பிடுகிறார் என்றார். ஒன்றும் பலிக்கவில்லை. சாயங்காலம் 'எவரும் தாண்டவில்லை' என்று அருக்காணி கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே சாட்சிக் கையெழுத்து உத்தமனுடையது. இந்தத் தடவை உண்மை.

அவர் சோப்புப் போட்டுக் குளித்து வந்ததும் அருக்காணி ஊதா விளக்கைக் காட்டினாள். கை, உதடு, மீசை, ஒன்றும் மின்னவில்லை. காவல் முடிந்தபின் வாங்கி வந்த பொட்டலத்தை முந்தானையிலிருந்து எடுத்துப் பிரித்து, சந்தேஷில் பாதியைப் பிட்டு நீட்டினாள்.

"பாதிதானா?"

"மீதி எனக்குங்க. காவல் காத்தது நானு."