தர்ஷினிக்குத் தனிப் பாத்திரம்

சனிக்கிழமை காலை பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. நம் சத்துணவு முத்துலெட்சுமி அக்கா போய்விட்டார். மாரடைப்பாம். முந்தைய நாள் மதியம்கூட, சாம்பாரைக் கிளறப் போன என்னை, "எதுக்கு இங்குட்டு வாரீக? பாடத்தைப் பாருங்க" என்று விரட்டியவர். அவர் அடுப்படியில் திட்டு வாங்காத ஆசிரியர் நம்மில் யாரும் இல்லை.

போன வருடம் மூன்றாம் வகுப்பு தர்ஷினி கன்னம் வீங்கி வந்தபோது, பொன்னுக்கு வீங்கி என்றே எல்லோரும் நினைத்தோம். அவள் அம்மா கழுத்தில் தங்கச் சங்கிலியும் போட்டு அனுப்பினார். அக்கா மட்டும்தான், "இது அது இல்ல டீச்சர். பிள்ளை சோத்தை மெல்லாம முழுங்குது. கூப்பிட்டா கழுத்து திரும்பல, உடம்போட திரும்புது" என்றார்.

மதுரை டாக்டரிடம் காட்டினார்கள். முன்பு வந்த வயிற்றுப்போக்கின் கிருமியை எதிர்த்த உடம்பு, கிருமி போன பிறகும் அடங்காமல் தன் தாடை மூட்டையும் கழுத்தையுமே தாக்குகிறதாம். பல பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும் என்றாராம். இவளுக்கு ஆகவில்லை.

இதை அடுப்படியில் போய் ஒப்பித்தவள் நான்தான். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "வயித்துப்போக்கா? அப்ப நான் ஆக்கிப் போட்டதுதானா?"

"அதெல்லாம் இருக்காதுக்கா" என்றேன், ஒப்புக்கு.

"யார்கிட்டயும் சொல்லிராதீக டீச்சர்."

நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தர்ஷினிக்குத் தனிப் பாத்திரம். சோறும் முட்டையும் மசித்து, ரசம் விட்டுக் கரைத்துக் கொடுப்பார். தினமும், "ஆ காட்டு ஆத்தா" என்பார். ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறக்கும். பிறகு என்னைப் பார்ப்பார். நான் வேறெங்காவது பார்ப்பேன்.

துக்க வீட்டில் தர்ஷினியின் அம்மா தேம்பிக்கொண்டிருந்தார். தாங்காமல் அக்காவின் மன உறுத்தலை அவரிடம் சொன்னேன். அவருக்கு அழுகையே நின்றுவிட்டது.

"என்ன டீச்சர் சொல்றீக? அவளுக்கு வயித்தால போனது காளையார்கோவில்ல, எங்கம்மா வீட்டுல. திருவிழாவுக்குப் போயி பத்து நாளு அங்குட்டுத்தான இருந்தா. நீங்கதான லீவு குடுத்தீக?"

ஆமாம், நான்தான் கொடுத்தேன். திங்கட்கிழமை போன வருட வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். பத்து நாளும் அவள் வரவில்லை என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அன்று மதியம் தர்ஷினி சோற்றைத் தொடவில்லை.

"அது உங்கள் சோற்றால் இல்லை அக்கா." அவருக்கு உரிய இந்த வார்த்தைதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. ஒரு வருடம் முன்பே கொடுத்திருக்கலாம். இனி வாங்கிக்கொள்ள அவர் இல்லை.