சிவப்பு மூடிக் குப்பி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. வருடக்கணக்காக ஊரார் ரத்தத்தோடு மாரடிக்கிறவள். பேய் என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்தே மானத்தை வாங்கிவிடுவேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது சத்தியம்.

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் ஹெபடைடிஸ் பி சோதனைக்கு ஒரு கிழட்டு மெஷின் இருந்தது. ஈரலைச் சத்தமில்லாமல் அரிக்கும் கிருமி அது. ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். அந்த மெஷினுக்குப் பதிலாகப் புதிது வந்து இறங்கியிருந்தது. அதை நம்பலாமா என்று பார்க்க, ஒரே ரத்தத்தை இரண்டிலும் வைத்துப் பதிலை ஒப்பிட வேண்டும்.

"லீவு நாள்ல வந்து முடிச்சிடுங்கம்மா. உங்களுக்குத்தான் வீட்ல யாரும் இல்லையே" என்றார் டாக்டர்.

சுருக்கென்றது. ஆனால் பொய் இல்லையே... என் வீட்டில் எனக்காகக் காத்திருப்பது பூட்டு ஒன்றுதான்.

மதியம். வெளியே அடைமழை. மாடி முழுக்க நான் ஒருத்திதான்.

எந்த மெஷினுக்கும் முதலில் நோய் இல்லாதவருடைய சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, கொடுத்துப் பார்ப்போம். 'இல்லை' என்று அது சரியாகச் சொன்னால்தான் மற்ற வேலை. பழைய மெஷினுக்கென்று ஃப்ரீசரில் சிவப்பு மூடி போட்ட குட்டிக் கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. போன வருடம் நான் இந்த ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன் இங்கே வேலை பார்த்தவர் நிரப்பி வைத்துவிட்டுப் போனவை. நல்ல ரத்தம்தானே என்று கையுறைகூடப் போடாமல் எடுப்போம். சில மாதங்களுக்கு முன் ஒரு குப்பி உடைந்து என் கட்டைவிரலைக் கிழித்தது. தடுப்பூசி போட்டவள் என்ற தைரியம் வேறு. கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அன்றைக்கு நோயில்லாத ரத்தம் ஒரு ட்யூப் குறைந்தது. லேபில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். என் கையில் நானே ஊசி குத்தி எடுத்தேன்.

பழைய மெஷின் எல்லாவற்றையும் முடித்தது. என் ரத்தம்... இல்லை. சிவப்பு மூடி... இல்லை.

சரி, இந்த இரண்டும் தெரிந்த கதைதானே. முறைப்படி புது மெஷினிலும் வைக்க வேண்டும்தான், சோம்பல் விடவில்லை. இரண்டையும் ஃப்ரிட்ஜில் வைத்து மூடினேன். புது மெஷினோடு வந்த நோயில்லாத சீரக் குப்பியை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் பக்கத்து அறைக்குப் போனேன்.

டக்... டக்.

ட்யூபில் நுரை அடங்க நகத்தால் சுண்டுவோமே, அந்தச் சத்தம்.

"யாரு?"

திரும்பி வந்தேன். புது மெஷினின் தட்டில், முதல் இரண்டு குழிகளில், என் ட்யூபும் சிவப்பு மூடிக் குப்பியும் நின்றன.

வயசாகுதுடி உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டு எடுத்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து வந்தவை ஜில்லென்று இருக்க வேண்டாமா? இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன. யாரோ உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த மாதிரி.

மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். இந்தத் தடவை பூட்டினேன். சாவி என் பையில்.

திரும்பினேன்.

டக்... டக்.

தட்டில் இரண்டும் நின்றன.

மெஷினின் மூடி தானாக இறங்கியது. உள்ளே ஊசி நகரும் சத்தம். ஓடத்தான் நினைத்தேன்... ஆனால் என்ன பதில் வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மணி மூன்றரை. திரையில் பதில் விழுந்தது.

என் ரத்தம்... உண்டு.

சிவப்பு மூடி... உண்டு.

அப்போது என் கட்டைவிரலை யாரோ தொட்டார்கள்.

அதே வெதுவெதுப்பு, ஒரு விரல். தழும்பின் மேல் மெதுவாகத் தடவியது. அம்மா போன பிறகு என் கையை யாருமே பிடித்ததில்லை. அந்தப் பயத்திலும் எனக்கு அழுகை வந்தது.

ஓடினேன்.

மறுநாள் என் ரத்தத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பினேன். அங்கேயும் அதே பதில். கிருமி உருமாறியிருக்கிறதாம். பழைய மெஷினுக்குப் பிடிபடாது, தடுப்பூசிக்கும் அடங்காது. "நல்ல நேரத்துல கண்டுபிடிச்சீங்க, ஈரல் நல்லாவே இருக்கு. விடாம செக் பண்ணிக்கலாம்" என்றார் டாக்டர்.

அந்த வாரக் கடைசியில் லேபைக் கூட்டுகிற அக்காவிடம்தான் சொன்னேன். சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"நகத்தால ரெண்டு சுண்டா?" துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். "உங்களுக்கு முன்னாடி இருந்த ஒல்லியக்கா அப்படித்தான் சுண்டுவாங்க."

"அவங்க இப்ப எங்க?"

"ஐயோ, யாரும் சொல்லலையா? ஈரல்ல கட்டி வந்து போய்ச் சேர்ந்துட்டாங்களே. பாவம், உங்களை மாதிரியே ஒண்டிக்கட்டை. இந்தப் பழைய மெஷின் கடைசிவரைக்கும் அவங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னே சொல்லிச்சு."

என் கட்டைவிரல் தழும்பைப் பார்த்தேன்.

"அப்ப அந்தச் சிவப்பு மூடிக் குப்பியெல்லாம்..."

"அவங்க ரத்தம்தாம்மா. 'என் ரத்தம் சுத்தம், பின்னாடி வர்றவளுக்கு ஆகட்டும்'னு அவங்களேதான் நிரப்பி வெச்சாங்க."