அடி அண்ணாமலை பேங்க் அக்கா

புதன்கிழமை காலை பால் சொசைட்டி வாசலில் செருப்புகள் மட்டும் வரிசையில் கிடந்தன. இடம் பிடித்த பெண்கள் தள்ளிப்போய்க் கூட்டமாக நின்றிருந்தார்கள்.

தேவகி அக்கா இல்லை... ராத்திரி நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

எங்கள் ஊரில் அவர் பேங்க் அக்கா. சொசைட்டி வாசலில் சின்ன மெஷினோடு உட்கார்ந்திருப்பார், பெண்கள் விரல் வைத்துப் பணம் எடுப்பார்கள்.

நூறு நாள் வேலைக் கூலி எடுக்க அம்மாவோடு போவேன். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை மெஷின் எடுக்காது.

"தலையில ஒரு தேய் தேய்ச்சுட்டு வைம்மா. எண்ணெ பட்டா எடுக்கும்."

"இன்னிக்குதான் தலைக்குக் குளிச்சேன்."

"ஷாம்பு போட்டுக்கினு பேங்குக்கு வந்தா எப்டி? உன் பொண்ணு தலையில தேயி."

அம்மா என் தலையில் தேய்த்தார். எடுத்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், எனக்குத்தான் வெட்கம்.

ஒருநாள் ஒருவர் மனைவியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி, "எவ்ளோ இருக்குனு சத்தமா சொல்லு" என்றார்.

"அண்ணா, நீங்க போய் ஒரு டீ குடிங்க. விரல் அவங்களுது."

முணுமுணுத்துக்கொண்டே போனார். அக்கா அந்தப் பெண்ணின் காதில் மட்டும் சொன்னார்.

நான் பத்தாவதோடு நின்றவள். கிரிவலப் பாதையில் ஒரு மெஸ்ஸில் வேலை. சம்பளம் அண்ணன் அக்கவுன்ட்டுக்குப் போகிறது... கேட்டால், "உனக்கு எதுக்குத் தனியா?" என்பான்.

போன மாதம் பதினெட்டு முடிந்தது. அதை ஞாபகம் வைத்துக் கேட்டது தேவகி அக்கா மட்டும்தான்.

"வெள்ளிக்கிழமை டவுன் பிராஞ்சுக்குப் போலாம். உன் பேர்ல ஒண்ணு ஆரம்பிச்சிடலாம்."

"எனக்குப் பேச வராதுக்கா."

"நான் பேசுறேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா, உங்கள் வீட்டு வாசல் வரை வந்தேன். எல்லாம் உங்கள் வெளியூர்ச் சொந்தக்காரர்கள், எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை... உள்ளே வரத் தயக்கமாக இருந்தது. மாலையை கேட்டிலேயே மாட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன். நிம்மதியாகத் தூங்குங்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. மெஸ்ஸில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பிராஞ்சில் எல்லாரும் போகும்வரை தூண் ஓரமாகவே நின்றேன்.

கவுன்ட்டரில் இருந்த மேடம் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா?"

"என் பேர்ல அக்கவுன்ட் வேணும்."

"கூட யார் வந்திருக்காங்க?"

"யாரும் வரல மேடம்" என்று சொல்லிவிட்டு ஆதாரை நீட்டினேன்.