பொலித்தீனைக் கிழித்த தவமலர் மிஸ்

தவமலர் மிஸ் இறந்த செய்தி எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தின் வட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கு மேலே விடுமுறைப் படிவங்கள் பற்றிய அறிவித்தல். கீழே யாரோ அனுப்பிய காலை வணக்க ரோசாப்பூ. அனுப்பியவர் பூவை அழிக்கவில்லை. அஞ்சலிக்கும் உதவும் என்று நினைத்திருக்கலாம். சற்று நேரத்தில் பணிப்பாளர், 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று எழுதினார். இதை அவர் பொறுப்புடன்தான் சொன்னார். மிஸ்ஸை இடமாற்றிய நாளிலிருந்து அந்த இடத்துக்கு அவர் வேறு எவரையும் நியமிக்கவில்லை.

மிஸ்ஸை அறிந்தவர்களுக்கு அவருடைய வேலை தெரியும். மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களில் படிப்பிக்கும் போதனாசிரியர்களுக்குப் புதிய தொழில்நுட்பத்தைப் பழக்குவது. மீன்பிடிப் படகுகளுக்குக் கணினி பொருத்திய எஞ்சின்கள் வந்துவிட்டிருந்தன. நாங்களோ கயிறு இழுத்து இயக்கும் பழைய எஞ்சினையே படிப்பித்துக்கொண்டிருந்தோம். எங்களிடம் சான்றிதழ் பெற்ற பிள்ளைகள் புதிய எஞ்சினின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மரியாதையாகத் திரும்ப மூடினார்கள். பழுதான எஞ்சின்கள் திருத்தக் கொழும்புக்குப் போயின. அவை திரும்பி வரும்வரை பக்கத்து மீனவக் கிராமமான சல்லியில் படகுகள் கரையில் கிடந்தன. வீடுகளில் உலையும் காத்திருந்தது.

இதற்காகவே எங்கள் நிலையத்துக்கு நான்கு புதிய எஞ்சின்கள் நன்கொடையாக வந்தன. ஒரு பெரியவர் நாடா வெட்டினார். பிறகு அவற்றைப் பொலித்தீனால் போர்த்தி அறையைப் பூட்டினார்கள். பொருள் பழுதானால் பொறுப்பானவர் விளக்கம் எழுத வேண்டும்; எவருக்கும் பயன்படாமல் இருந்தால் எவரும் எதுவும் எழுத வேண்டியதில்லை. ஆகவே பொலித்தீனோடு சேர்த்து எஞ்சினைப் படம் பிடித்து, அடுத்த அறையில் புரொஜெக்டரில் காட்டிப் படிப்பித்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின், இந்தப் பக்கம் அதன் படம்.

நான் தொழில்நுட்ப வரைதல் படிப்பிப்பவன். அந்த ஆண்டு போதனாசிரியர்களுக்கு வைத்த பரீட்சையின் தாள்களை நான்தான் திருத்தினேன்; ஒருவர் எஞ்சினை மிக அழகாகக் கீறியிருந்தார். பொலித்தீனின் மடிப்புகளையும் விடவில்லை; கட்டிய சணல் கயிற்றுக்குக்கூட அம்புக்குறி போட்டு, 'பாதுகாப்பு உறுப்பு' என்று பெயரிட்டிருந்தார். தாளை மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"முழுப் புள்ளி போடுங்கோ சேர். கண்டதைத்தானே கீறியிருக்கிறார். பிழை அவரில இல்லை."

அடுத்த நாள் திறப்பை வாங்கி அறையின் பூட்டைத் திறந்தார். கைப்பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்து முதலாவது பொலித்தீனை மேலிருந்து கீழாகக் கிழித்தார். எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி இயக்கிக் காட்டினார். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே ஏதோ செய்தார். நாங்கள் திரும்பி வந்தபோது அது இயங்கவில்லை. "இப்ப பழுதாயிருக்கு. கண்டுபிடியுங்கோ" என்றார்.

கிண்ணியாவிலிருந்து வரும் நஸீர், எஞ்சின் படிப்பித்தே தலை நரைத்தவர். மூடியில் வைத்த கையை எடுத்துக்கொண்டார்.

"மிஸ், கழட்டி ஏதும் உடைஞ்சா ஆர் பதில் சொல்றது?"

"நான். உடையும், நஸீர் சேர். உடைக்கத்தான் கூப்பிட்டனான். இஞ்ச உடைச்சாத்தான் நாளைக்கு நடுக்கடலில உடையாது."

உடைந்தது. ஒரு மின்னிணைப்பின் பிளாஸ்டிக் கொழுக்கி, விரல் நகத்தளவு. ஆனால் பழுதைக் கண்டுபிடித்தோம். நஸீர் தன் கையை அந்நியர் ஒருவரின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுக்கிக்காக மிஸ்ஸிடம் விளக்கம் கோரப்பட்டது. அரச பொருளின் உறை எதற்காக அகற்றப்பட்டது, சேதம் எவ்வாறு ஏற்பட்டது என்று பல பிரிவுகளில் கேட்டிருந்தார்கள். மிஸ் ஒரே வசனத்தில் பதில் எழுதினார்: 'பயிற்சி நடந்தது.' அவமரியாதை என்று முடிவானது. பயிற்சிகளைக் 'கண்காணிக்க' அவரைப் பட்டணத்து அலுவலகம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு மேசையும் கதிரையும் இருந்தன. கண்காணிக்கப் பயிற்சி இருக்கவில்லை. அவர் கேட்டிருந்த புதிய கொழுக்கி வரவேயில்லை. புதிய பொலித்தீன் அதே கிழமை வந்தது.

அதன்பின் மிஸ் எங்களைச் சனிக்கிழமைகளில் சல்லிக் கரைக்கு வரச் சொன்னார். யோகன் என்ற மீனவர் பழுதான தன் எஞ்சினைத் தந்தார். தரும்போது சும்மா தரவில்லை. "ஏன் மாஸ்டர்மார், உங்களுக்குத் தந்த எஞ்சினுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"அது வேலைக்கு வரமுன்னமே பென்சன் எடுத்திட்டுது தம்பி" என்றார் மிஸ்.

காயப் போட்ட கருவாட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து படித்தோம். கொழும்புக்கு அனுப்ப இருந்த யோகனின் எஞ்சினை நஸீரே திருத்தினார். அரசாங்கம் இதற்கு ஒரு சதமும் செலவழிக்கவில்லை. ஆண்டறிக்கையில் மட்டும் இதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

இப்போது மிஸ் இல்லை. உப்புவெளியில் அவருடைய வீட்டில் ஒரு காலை இருதயம் நின்றுவிட்டது. உயிரோடு இருந்தபோது நகத்தளவு பிளாஸ்டிக்கைக் கொடுக்காதவர்கள், ஒரு கிழமைக்குள் கறுப்புக் கல்லில் பொன்னெழுத்துப் பொறித்துவிட்டார்கள்: தவமலர் நினைவு ஆய்வுகூடம். அதே அறை. அதே பொலித்தீன். ஓர் எஞ்சின்மேல் அவருடைய படத்தை வைத்திருந்தார்கள். தூசி படியாதிருக்கப் படத்துக்கும் பொலித்தீன் சுற்றியிருந்தது.

அங்கே நடந்த அஞ்சலிக் கூட்டத்தில், அறை இனி விசேட தினங்களில் திறக்கப்படும் என்று பணிப்பாளர் அறிவித்தார். பிறகு நஸீரைப் பேச அழைத்தார்கள். அவர் எழுந்துபோய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார். அவர் எஞ்சினின் பொலித்தீனைக் கிழிக்க, நான் படத்தின் பொலித்தீனைக் கிழித்தேன். மிஸ்ஸின் முகம் வெளியே வந்தது. எஞ்சினைப் பீப்பாயில் இறக்கித் திறப்பைத் திருப்பினோம். அசையவில்லை. மூடியைத் திறந்தோம். பற்றரி செத்திருந்தது; எரிபொருள் குழாயில் பிசின் பிடித்திருந்தது. எவரும் தொடாமலே அது பழுதாகிப்போயிருந்தது.

"இதுக்கு ஆர் பதில் சொல்றது?" என்றார் பணிப்பாளர்.

"நான்தான் சேர்" என்றார் நஸீர். பிறகு மற்றப் போதனாசிரியர்களைப் பார்த்து, "எல்லாரும் கிட்ட வாங்க. பழுது தயாரா இருக்கு" என்றார்.

வந்தார்கள். நல்ல உடுப்போடு வந்தவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்தார்கள். அஞ்சலிக் கூட்டம் பின்னேரம்வரை நீண்டது. பணிப்பாளர் முன்னமே போய்விட்டார்.

நேற்று எனக்கும் நஸீருக்கும் விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. உறை எதற்காக அகற்றப்பட்டது, இயந்திரம் எவ்வாறு சேதமானது என்று அதே பிரிவுகள். தவமலர் மிஸ் எனக்கு விட்டுப்போனது ஒரு வசனம். அதை அவர் எழுதியபடியே எழுதிக் கையொப்பமிட்டேன்.

பயிற்சி நடந்தது.