சங்கிலியை மட்டமாகப் பிடியுங்கள்

“கணக்கெல்லாம் கொப்பியோட சரி புள்ள. மலையில எறங்கினா ஒன்னும் எடுபடாது!”

நான் உயர்தரம், அதாவது ஏ.எல்., படிக்கக் கணிதம் எடுத்தபோது எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொன்னது. போன ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் ஒரே சங்கிலியின் இரண்டு முனைகளில் நின்றோம்.

சங்கிலி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கழுத்தில் போடுவதா? கஹவத்தைக்குப் போகும் ஏற்றத்தில் கழன்று, கையெல்லாம் கிரீஸ் பூசும் சைக்கிள் செயினா? பேங்கில் பேனாவைக் கட்டி வைத்திருக்கிறார்களே... அதுவா? ‘ஏழு பேருக்கு எழுதி அனுப்பு, இல்லாவிட்டால் கெட்டது நடக்கும்’ என்று வரும் சங்கிலிக் கடிதம்? எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான் என்பதால், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்த அத்தனை கடிதத்துக்கும் ஏழேழு பிரதி எழுதியதும் நான்தான்!

இது வேறு சங்கிலி. நிலம் அளப்பது. அறுபத்தாறு அடி இரும்பு.

தனி வீடு கட்ட ஆறு குடும்பங்களுக்கு ரோட்டோரம் காணி பிரித்தார்கள்; அளந்தது கணக்கப்பிள்ளை. ரோட்டிலிருந்து உள்ளே எல்லோருக்கும் ஒரே நீளம். ஐந்து துண்டு சமதரை. கடைசித் துண்டு, ரப்பர் பால் வெட்டும் செல்வி அக்காவுக்கு — ஓடையைப் பார்த்துச் சரிகிற இடம். பார்த்தால், அவருடைய எல்லை முளை மட்டும் மற்ற முளைகளுக்கு இரண்டு எட்டு முன்னாலேயே நின்றுவிட்டது.

“எனக்கு மட்டும் கொறையுதுங்களே ஐயா! அடுப்ப ரோட்டுலயா வைக்கிறது?”

“எல்லாருக்கும் ஒரே சங்கிலிதான? சங்கிலி ஆள் பாக்குமா?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கிலி சரிவோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தது. அப்படி அளந்தால் சரிவின் நீளம்தானே வரும்? வீடு என்ன, சாய்ந்தா நிற்கப்போகிறது?

“மட்டமா புடிச்சு அளக்கணுங்க ஐயா.”

“அந்தரத்துலயா? காணி தரையில கெடக்கு புள்ள! பேப்பர்ல எழுதுற மாதிரி இல்ல இது.”

எல்லோரும் சிரித்தார்கள். செல்வி அக்கா சிரிக்கவில்லை.

கணக்கப்பிள்ளையிடம் மேல் முனையைத் தரையோடு பிடிக்கச் சொன்னேன். கீழே நான் சங்கிலியை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி மட்டமாக இழுத்து, கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிட்டேன். கல் தொட்ட இடத்திலிருந்து சங்கிலியின் அடுத்த பகுதி... படி இறங்குவதுபோல. கடைசிக் கல், பழைய முளையிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி விழுந்தது.

கணக்கப்பிள்ளை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வரிசையைப் பார்த்தார்.  முளையைப் பிடுங்கி, புது இடத்தில் அவரே அடித்தார். “இனி யாராச்சும் இதத் தொட்டீங்க...!” என்று எங்களுக்கே ஓர் அதட்டல் வேறு.

எல்லோருக்கும் ஒரே அளவு என்று சொல்பவர்களை நம்பலாம் — அளக்கும்போது எப்படிப் பிடித்தார்கள் என்று பார்த்துவிட்டு.

வரும் வழியில் செல்வி அக்கா கேட்டார்: “இதையே வேலையா செய்யிற பொம்பளைங்க இருக்காங்களா?”

“தெரியலக்கா.”

நில அளவையாளர் பயிற்சிக்கான விண்ணப்பத்தைச் செவ்வாய்க்கிழமையே பெல்மதுளையில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன்.